பத்து நிமிடத்தில் வருகிறேன்

எங்கள் ஆஸ்பத்திரியில் சிறுநீரும் மலமும் அடங்காதவர்களுக்கென்று தனியாக ஒரு கிளினிக் திறக்கப்போகிறார்கள். கதவுக்கு மேல் பலகை, உட்கார நாற்காலிகள், மின்விசிறி எல்லாம் உண்டாம். நான் வேலை பார்த்த காலத்தில் அதற்கென்று இருந்தது முதுகெலும்பு வார்டின் கடைசியில் பச்சைத் திரை மறைத்த ஒரு மூலைதான். என் உத்தியோகத்தில் பாதிக்கு மேல் அந்தத் திரைக்குப் பின்னால் கழிந்தது. புதிய கிளினிக்கின் பொறுப்பை ஏற்கிற மல்லிகா என்னிடம் வேலை கற்றவள். "நீங்க செஞ்சதை எழுதிக் குடுங்க சிஸ்டர். புக்குல இருக்கறது வேணாம், அது எங்ககிட்டயே இருக்கு" என்றாள்.

நான் சென்ற ஆண்டு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவள். காரணம் என் மகன் டேனியல். கல்லூரியிலிருந்து மின்சார ரயிலில் படியில் தொங்கிக்கொண்டு திரும்பியவன், குரோம்பேட்டையைத் தாண்டியதும் விழுந்தான். அவனைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, முதலில் வேலையைப் பற்றிச் சொல்கிறேன். வேலையைப் பற்றிச் சொல்லும்போது எனக்குத் தைரியம் வந்துவிடும்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகமில்லை. படுக்கை விரிப்பின் மூலையை மடிப்பதிலிருந்து இறந்தவரின் தாடையைக் கட்டுவதுவரை எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். சிறுநீர் அடங்காதவர்களைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் இருந்தது. அதிலும் பாதி, ரப்பர் ஷீட்டைக் கழுவிக் காயவைப்பது பற்றி. பிறகு சில வருடம் ஆபரேஷன் தியேட்டர். எண்பதுகளின் தொடக்கத்தில் என்னை முதுகெலும்பு வார்டுக்கு மாற்றினார்கள். தோழிகள் ஹாஸ்டல் அறைக்கு வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் விசாரித்ததில் தப்பில்லை. மரத்திலிருந்தும் சாரத்திலிருந்தும் விழுந்தவர்கள், பல்லாவரம் பக்கத்துக் கல்குவாரிகளில் அடிபட்டவர்கள் அங்கே வரிசையாகப் படுத்திருந்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனால் சிறுநீர்ப்பைக்கும் குடலுக்கும் உத்தரவு போவதும் நின்றுவிடும். எல்லோருக்கும் ஒரு குழாயைப் போட்டு, பையைக் கட்டிலில் தொங்கவிட்டு, முதுகு தேறியதும் அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடுவது அப்போதைய வழக்கம். குழாய் அடைத்துக்கொண்டு குளிர்காய்ச்சலோடு திரும்பி வருவார்கள். சரிசெய்து அனுப்புவோம். மறுபடி வருவார்கள். ஒரு நாள் வராமல் போவார்கள். அதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும்.

இந்த வழக்கத்தை உடைத்தவர் டாக்டர் பட்டாபிராமன். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெள்ளைக் கைக்குட்டை. வார்டுக்குள் வந்தால் முதலில் வாஷ்பேசினுக்குப் போவார். நோயாளி பார்க்கும்படி திரும்பி நின்று, சோப்பு போட்டு, உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நக ஓரம் என்று ஒவ்வொரு விரலாகக் கழுவுவார். கைக்குட்டையை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைப்பார். அவ்வளவு நேரமும் ஒரு வார்த்தை பேசமாட்டார். பிறகு ஒரு குட்டை ஸ்டூலை இழுத்துப் போட்டு, படுத்திருப்பவரின் முகத்துக்குக் கீழே தன் முகம் இருக்கும்படி உட்கார்ந்துகொள்வார். சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் வெளியே அனுப்பிவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

"காலையிலேர்ந்து என்ன குடிச்சீங்க?" என்பது முதல் கேள்வி. "எப்படி வந்தீங்க, பஸ்ஸா, ரயிலா?" என்பது இரண்டாவது. மூன்றாவதை எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போதுதான் கேட்பார். "வீட்டுல இதை யார் கை செய்யப்போகுது?"

நோயாளி பெரும்பாலும் மனைவியையோ அம்மாவையோ தேடிக் கதவுப் பக்கம் பார்ப்பார். டாக்டர் அவருடைய கையைத் தன் சுட்டுவிரலால் மெதுவாகத் தட்டுவார். "இந்தக் கை."

எனக்கு முதலில் அவரோடு ஒத்துப்போகவில்லை. நாள்பூராவும் இருக்கும் குழாயை எடுத்துவிட்டு, நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை சின்னக் குழாயை நுழைத்துச் சிறுநீரை வடித்துவிட்டு உடனே உருவிவிட வேண்டும், அதையும் நோயாளியே கையுறை இல்லாமல் செய்யலாம் என்றார். தியேட்டரிலிருந்து வந்தவளுக்கு எப்படி இருக்கும்?

"கையுறை இல்லாமலா சார்? இன்ஃபெக்‌ஷன் வராதா?"

"சிஸ்டர், கையுறை போட்டு நீங்க வெச்ச குழாயோட போனவங்க எத்தனை பேர் திரும்பி வந்தாங்க?"

என் கண் மேஜைமேல் இருந்த அட்மிஷன் ரிஜிஸ்டருக்குப் போயிற்று.

"வெளியிலேர்ந்து போற கிருமியைவிட உள்ள தேங்கி நிக்கற தண்ணிதான் ஆபத்து. நேரத்துக்குக் காலி பண்ணா கிருமிக்கு அங்க வேலையில்லை. வீட்டுல சோப்பு இருக்கா, தண்ணி இருக்கா? போதும்."

போதும் என்று எனக்கே நம்பிக்கை வர ஒரு வருடம் ஆயிற்று. அதற்குப் பிறகு யார் சொன்னாலும் மாற்றிக்கொண்டதில்லை.

திரைக்குப் பின்னால் முதுகெலும்புக்காரர்கள் மட்டும் வரவில்லை. பிள்ளை பெற்ற பிறகு இருமினாலும் தும்மினாலும் புடவை நனைகிற பெண்களும், வேறு ஏதாவது நோய் சொல்லிச் சீட்டு வாங்கிக்கொண்டு, கடைசியில் தயங்கித் தயங்கி இதைச் சொல்வார்கள். படப்பையிலிருந்து ஒரு பள்ளிக்கூட ஆசிரியை வந்தார். பள்ளியில் ஆசிரியைகளுக்குக் கழிவறை கிடையாது. ஆகவே காலையில் ஒரு வாய் காபியோடு சரி, மாலைவரை தண்ணீரே குடிப்பதில்லை. கருநீலம், கறுப்பு தவிர வேறு நிறத்தில் புடவை இல்லை. தண்ணீர் குறைந்ததால் சிறுநீர் காரமாகி, அந்த எரிச்சலே அடிக்கடி முட்டவைத்தது. மலச்சிக்கல் வேறு கீழே அழுத்தியது. "தண்ணியை இன்னும் கொறைச்சிடறேன் சிஸ்டர்" என்றார் அப்பாவியாக.

அவருக்கு இடுப்படித் தசையை இறுக்கிப் பிடிக்கிற பயிற்சி சொல்லித்தர வேண்டும். எந்தத் தசை என்று எப்படிக் காட்டுவது? எல்லோரிடமும் கேட்பதைத்தான் அவரிடமும் கேட்டேன். "டீச்சர், ப்ரேயர்ல எல்லாரும் அமைதியா நிக்கும்போது காத்து பிரியற மாதிரி இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"அய்யோ, இறுக்கிப் பிடிச்சுப்பேன்."

"அதேதான். இப்ப பிடிங்க. பத்து எண்ணுங்க. விடுங்க. மூச்சை அடக்காதீங்க, மூஞ்சியை இறுக்காதீங்க."

"மூஞ்சி தானா வருது சிஸ்டர்" என்று சிரித்தார். சில மாதம் கழித்து அவர் வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. மாம்பழ மஞ்சளில் புடவை கட்டியிருந்தார்.

இப்போது மாணிக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மல்லிகா, இதைக் கவனமாகப் படி.

மாணிக்கம் முடிச்சூர்க்காரர். வயல்களில் மனைக்கல் ஊன்ற ஆரம்பித்த காலம் அது. குடும்பத்தில் இன்னும் கொஞ்சம் நிலமும் எருமைகளும் இருந்தன. அவர் மேற்குத் தாம்பரம் போகிற சாலையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். வயது முப்பதுக்குள். புதிதாகக் கட்டிய வீட்டின் மேல் தண்ணீர்த் தொட்டி ஏற்ற உதவப் போனவர் தொட்டியோடு விழுந்தார். வேறொரு ஆஸ்பத்திரியில் பார்த்து, குழாய் வைத்து அனுப்பியிருந்தார்கள். குழாய் அடைத்தபோது யாரோ ஒருவர் எடுத்துவிட்டார். எடுத்த பிறகு தானாகச் சொட்டுச் சொட்டாகப் போக ஆரம்பித்ததும், 'வழி திறந்துகிச்சு' என்று குடும்பமே சந்தோஷப்பட்டதாம். எங்களிடம் கொண்டுவந்தபோது புட்டத்தில் படுக்கைப் புண், கண்ணில் குழி, பழைய புடவைத் துணி சுற்றிய இடுப்பு.

கூட வந்தவர் அம்மா ராஜம்மா. கணவனை இழந்தவர். கை கால் எல்லாம் உழைத்து முறுக்கேறிய உடம்பு. மகனை ஒரே ஆளாகக் காரிலிருந்து தூக்கி ஸ்ட்ரெச்சரில் போட்டார்.

"ரெண்டும் நிக்காம போய்க்கினே கீது டாக்டர். துணி மாத்தி மாத்தி என் கையே பூடுச்சி. தண்ணியைக் கொறச்சேன். பேதிக்குன்னு மாதுளந்தோலு கஷாயம் வெச்சி குடுத்தேன். வெறும் கஞ்சிதான். அப்பவும் நிக்கல."

டாக்டர் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, ராஜம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, மாணிக்கத்தின் அடிவயிற்றில் கையை வைத்தார். என் கையையும் பிடித்து வைத்தார். தொப்புள்வரை உருண்டையாக, தர்ப்பூசணி போல் இருந்தது. சிறுநீர்ப்பை. போகவே இல்லை, நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. குழாயைச் செலுத்தினேன். ஒரு பேசின் நிரம்பியது. இன்னொன்று கேட்டு வாங்கினேன்.

திரையை விலக்கிப் பார்த்த ராஜம்மா, "இம்மாந் தண்ணி எங்கடா வெச்சிருந்த?" என்றார். அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

மலமும் அதே கதைதான். பேதி இல்லவே இல்லை. குடலின் கடைசியில் கல் மாதிரி இறுகி அடைத்திருந்தது. மேலே இருப்பது நீர்த்து அதன் ஓரமாகக் கசிந்தது. அதை நிறுத்தக் கஷாயம் கொடுக்கக் கொடுக்க அடைப்பு இன்னும் இறுகியது. இதை எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். கசிவைக் கண்டால் முதலில் அடைப்பைத் தேடுங்கள். கையுறை போட்டு, எண்ணெய் தடவி, ஒரு விரலால், அவசரப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். ஒரே நாளில் முடியவில்லை. நான்கைந்து காலை ஆயிற்று. கசிவு நின்றது. கஞ்சியை நிறுத்திவிட்டுக் கீரையும் வாழைத்தண்டும் கொய்யாப்பழமும் தண்ணீரும் கொடுக்கச் சொன்னோம். தினமும் காலையில் காபி குடித்துக் கொஞ்ச நேரம் கழித்து உட்காரவைத்து, வயிற்றை வலது கீழ்ப்பக்கம் தொடங்கி மேலே, குறுக்கே, இடது பக்கம் கீழே என்று தடவிவிட்டு, மீதியை விரலால் எடுக்கப் பழக்கினோம். தினமும் ஒரே நேரம் என்பதுதான் முக்கியம். குடலுக்கு உத்தரவு போகாவிட்டாலும் பழக்கம் வரும்.

புண் ஆறிக்கொண்டு வந்தது. குழாய் வைக்கவும் விரலால் எடுக்கவும் மாணிக்கத்துக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பினோம். என் எதிரில் இரண்டு தடவை, கண்ணை மூடிக்கொண்டு, எப்படியோ குழாயை வைத்துக் காட்டினார். ராஜம்மா திரைக்கு அந்தப் பக்கம் நின்று ஓட்டை வழியாகப் பார்த்து எல்லாவற்றையும் கற்றுக்கொண்டுவிட்டது எங்களுக்குத் தெரியாது.

ஒரு மாதத்தில் வாடகைக் காரில் திரும்பி வந்தார்கள். மாணிக்கத்துக்குப் பல் கிட்டுகிற குளிர். சிறுநீரில் சீழ்.

டாக்டர் திட்டவில்லை. காய்ச்சல் இறங்கும்வரை ஒன்றும் கேட்கவில்லை. இறங்கிய பிறகு ராஜம்மாவை அவரே கூப்பிட்டு ஸ்டூலில் உட்காரவைத்து, தான் நின்றுகொண்டார்.

"யார் கை செஞ்சுதும்மா?"

"என் கைதான். அவன் மூஞ்சியைச் சுளிச்சிக்கினு கெடந்தான். நான் பெத்தவ, எனக்குத் தெரியாத ஒடம்பா?"

"நேரத்துக்கு செஞ்சீங்களா?"

"எருமைக்குத் தண்ணி காட்டப் போனா கொஞ்சம் முன்னப்பின்ன ஆவும். அவன் எங்க ஓடிப்பூடப் போறான்? உள்ரூம்ல கட்டில்லதான் கீறான்."

"கடை?"

"கடையை மூடியாச்சி. கடைக்கிப் போனா ஒன்னுக்கு எடுக்க நான் போவ முடியுமா?"

"சொந்தத்துல கல்யாணம் வந்தா போவீங்களா?"

"போவாம?"

"அன்னைக்கி இவருக்கு?"

"இட்டுனு போவேன். மண்டபத்துல..." என்றவர் நிறுத்திக்கொண்டார். மண்டபத்தில் எந்த அறையில், யார் யார் பார்க்க, என்று அவர் மனதில் ஓடியதை நான் முகத்தில் பார்த்தேன்.

"நீங்க நல்லாத்தான் செய்றீங்க. ஆனா உங்க கை இருக்கற எடத்துலதான் அவர் இருக்க முடியும். அப்படியே வெச்சுக்கறதா?"

ராஜம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ராஜம்மாவைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் கேன்டீனில் உட்காரவைத்து, "நான் வந்து கூப்பிடறவரைக்கும் இங்கயே இருங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திரைக்குள் மாணிக்கம் மட்டும். முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்காரவைத்தேன். கண்ணை மூடக் கூடாது என்றேன்.

"எனக்கு வாந்தி வருது சிஸ்டர். என் ஒடம்புல நானே ரப்பரை வுட்டுக்கறதா?"

"கடையில தெனம் எத்தனை ட்யூபைக் கழட்டுவீங்க?"

"அது சைக்கிளு."

"இதுவும் ட்யூபும் வால்வும்தான். வால்வு தொறக்க மாட்டேங்குது. அதான் வெளியிலேர்ந்து தொறக்கறோம்."

அவர் முதல் தடவையாகக் கண்ணைத் திறந்து குழாயைக் கையில் வாங்கிப் பார்த்தார். வளைத்தார். நுனியைத் தடவினார். துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எந்தப் பொருளையும் அப்படித்தான் பார்ப்பார் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

கையைக் கழுவினார். குறியின் நுனியைக் கழுவினார். குழாயில் ஜெல்லி தடவினார். இடது கையால் குறியைத் தூக்கி வயிற்றை நோக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே இருக்கிற வளைவு அப்போதுதான் நிமிரும். வலது கையால் பென்சிலைப் பிடிப்பதுபோல் குழாயைப் பிடித்து, விரல்விரலாக உள்ளே அனுப்ப வேண்டும். பாதி வழியில் நின்றுவிட்டது.

"முட்டுது சிஸ்டர்."

"தள்ளாதீங்க. அப்படியே நிறுத்துங்க. ஒரு மூச்சு விடுங்க. இப்ப இருமுங்க."

இருமினார். குழாய் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. பேசினில் சிறுநீர் விழுகிற சத்தம் கேட்டது. இந்தத் தொழிலில் அதைவிட நல்ல சத்தம் கிடையாது. ஓட்டம் நின்றதும் அடிவயிற்றை அழுத்தச் சொன்னேன். குழாயை மெல்ல உருவும்போது மறுபடி சொட்டினால், சொட்டுகிற இடத்தில் நிறுத்தச் சொன்னேன். அடியில் மிச்சம் வைக்கக் கூடாது.

"வால் ட்யூபு மாட்டறத விட ஈசியா கீது" என்றார் மாணிக்கம். முகம் வியர்த்திருந்தது. அன்று மாலை நான் சொல்லாமலே அடுத்த தடவையை அவரே செய்தார்.

அதற்குப் பிறகு அவர் திரும்பி வந்தது பரிசோதனைக்கு மட்டும். கடையைத் திறந்தார். தரையோடு தரையாக மெத்தைப் பலகையில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டினார். பின்பக்கம் தகரத்தால் ஒரு மறைப்பு கட்டி, உள்ளே ஒரு நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டு, விளிம்பு முழுக்கப் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றியிருந்தார். புண் வராது. அதை எங்கள் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, வார்டுக்கு அதேபோல் நான்கு செய்யச் சொன்னார். மறைப்புக்குள் போகும்போது கடை முன்னால் ஒரு சிலேட்டுப் பலகையை மாட்டுவார். 'பத்து நிமிடத்தில் வருகிறேன்' என்று எழுதியிருக்கும். பொதுவாகக் கடைக்காரர்கள் சொல்கிற பத்து நிமிடம் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். மாணிக்கத்தின் பத்து நிமிடம் பத்து நிமிடம்தான்.

ராஜம்மா ஒரு நாள் வார்டுக்கு எருமைப்பால் கொண்டுவந்தார். "எங்கைல ஒரு வார்த்த சொல்லாம படப்பைக்கிப் போயி வரான் சிஸ்டர். மூணு சக்கர வண்டி கட்டிக்கினு. என் வேலையைப் புடுங்கிட்டீங்க" என்றார். திட்டுகிறாரா, சந்தோஷப்படுகிறாரா என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

போன வருடம் புரிந்தது.

டேனியலுக்கும் முதுகெலும்பில் மாணிக்கத்துக்கு அடிபட்ட அதே இடத்தில்தான் அடி. எக்ஸ்ரேயைப் பார்த்த உடனே எது போகும், எது மிஞ்சும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாத அம்மாக்களுக்குச் சில நாள் நம்பிக்கையாவது இருக்கும். நகரத்து ஆஸ்பத்திரியில் குழாய் வைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்துவிட்டு, நேரத்துக்கு நேரம் நானே வைத்து எடுத்தேன். என் கையில் ஒரு தடவைகூடக் காய்ச்சல் வரவில்லை, ஒரு புண் வரவில்லை. அவன் ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வான். இருபது வயதுப் பையன். மாத்திரையும் சாப்பாடும் தவிர வேறு எதைப் பற்றியும் அவன் என்னிடம் பேசுவது நின்றுபோயிற்று.

கடைசி வருடப் படிப்பு பாக்கி இருந்தது. கல்லூரியில் தரைத்தளத்தில் வகுப்பை மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். அவன் சிநேகிதர்கள் ஆட்டோ பேசிவிட்டார்கள்.

"காலேஜ் திறக்குதும்மா. நான் போறேன்" என்றான்.

"போலாமே. நானும் வரேன். வெளியில மரத்தடியில உக்காந்துக்கறேன். நடுவுல ஒரு தடவை வந்து எடுத்துவிட்டா போதும்."

"எங்க வெச்சு?"

"ஸ்டாஃப் ரூம் பக்கத்துல கேட்டு..."

"அம்மா, ப்ளீஸ். நீங்க பையைத் தூக்கிட்டு வரதை மொத்தக் க்ளாஸும் பாக்கும். அப்படின்னா நான் போகல."

"அப்ப நீயே கத்துக்கோ. நான் சொல்லித் தரேன்."

"உங்ககிட்ட மாட்டேன்."

"ஏன்டா? என்னைவிட யார் நல்லா சொல்லித் தருவா? எனக்குத் தெரியாத உடம்பா?"

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ராஜம்மா என் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

"தெரிஞ்சதுதான்மா ப்ராப்ளம்" என்றான் டேனியல். சத்தம் போடவில்லை. மெதுவாகச் சொன்னான். அதுதான் தாங்க முடியவில்லை.

மல்லிகாவை அழைக்கவா என்றேன். 'அக்கா சின்னதுல என்னை இடுப்புல தூக்கி வெச்சிருக்காங்கம்மா, வேணாம்' என்றான். அவன் படிப்பு நின்றால், அந்த அறையைவிட்டு அவன் வெளியே வரப்போவதில்லை. அதை என்னைவிட அறிந்தவர்கள் யார்? நான் எத்தனை உள்ளறைக் கட்டில்களைப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் முடிச்சூர் சாலைக்குப் போனேன். வாடகை சைக்கிள்கள் குறைந்து, கடையில் மொபெட்டுகள் நின்றன. சிலேட்டுப் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. காத்திருந்தேன். மறைப்பிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்த மாணிக்கம், "இன்னா சிஸ்டர், பஞ்சரா?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"டாக்டரு இருந்தா இன்னா கேப்பாரு?" என்றார்.

"யார் கைன்னு கேப்பார்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டியில் வந்தார். எங்கள் வாசலில் இரண்டு படி. என் கணவர் தூக்கப் போனார். "வேணாம் சார், வண்டியை மட்டும் புடிங்க" என்று சொல்லிவிட்டு, வண்டியிலிருந்து படிக்கு இறங்கி, கையை ஊன்றி ஊன்றிக் கூடத்தைக் கடந்து, டேனியலின் கட்டில் விளிம்பைப் பிடித்து ஒரே எக்கில் மேலே ஏறி உட்கார்ந்தார். டேனியல் அவர் வந்த வழி முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தான். சுவர்ப் பக்கம் திரும்பவில்லை.

நான் பேசின், ஜெல்லி, சோப்பு எல்லாம் வைத்துவிட்டு ஓரமாக நின்றேன்.

"சிஸ்டர், நீங்க வெளிய இருங்க."

"நான் ஒண்ணும் பேசமாட்டேன் மாணிக்கம், இப்படி ஓரமா..."

"எங்கம்மாவை எம்மாந் தூரத்துல குந்த வெச்சீங்க? கேன்டீன்ல. உங்களுக்குக் கிச்சன்தான், பக்கத்துலதான் கீது. போங்க."

டேனியல் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினான். விழுந்ததிலிருந்து நான் பார்த்த முதல் சிரிப்பு. நான் வெளியே வந்தேன். கதவு மூடிக்கொண்டது.

என் கணவர் கூடத்தில் செய்தித்தாளை விரித்து ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். உள்ளே பேச்சுக் குரல்.

"பஞ்சர் ஒட்டத் தெரியுமா தம்பி?"

"தெரியாதுண்ணா."

"பின்ன இன்னாத்துக்குக் காலேஜி?"

சிரிப்பு. மறுபடி பேச்சு. பிறகு எதுவும் கேட்கவில்லை. என் கை நின்றுவிட்டது. இப்போது கழுவுகிறான், இப்போது தூக்கிப் பிடிக்கிறான், இப்போது உள்ளே அனுப்புகிறான் என்று ஒவ்வொன்றாக எனக்குத் தெரிந்தது. தள்ளாதே, தள்ளாதே என்று என் உதடு தானாக அசைந்தது.

டேனியல் இருமினான்.

கணவர் செய்தித்தாளை மடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்னாச்சு, ஏன் அழறே?" என்றார். பேசினில் விழுகிற சத்தம் கேட்டது. "ஒண்ணும் ஆகலை. சரியாப் போயிடுச்சு" என்றேன்.

மல்லிகா, உன் கிளினிக்கில் அம்மாக்கள் வெளியே போகமாட்டோம் என்று நிற்பார்கள். அனுப்பு. ஆனால் கதவை மூடுகிற முன் அவர்கள் உட்கார ஒரு இடம் காட்டு, குடிக்க ஏதாவது கொடு. அங்கே உட்கார்ந்திருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும்.

கல்லூரி திறந்த அன்று அவன் ஒரு சோப்பு டப்பாவில் குழாயையும் சின்ன ஜெல்லி ட்யூபையும் வைத்துப் புத்தகப் பையில் போட்டுக்கொண்டான். நான் போகவில்லை. மத்தியானம் நேரம் வந்தபோது சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். மாலையில் ஆட்டோ வந்தது. பேன்ட்டைப் பார்த்தேன், நெற்றியைப் பார்த்தேன். நனையவில்லை. சுடுகிற மாதிரியும் தெரியவில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் வாய்வரை வந்து நின்றன.

அவன் சக்கர நாற்காலியைத் திருப்பிக் குளியலறைப் பக்கம் போனான். நான் பழக்கத்தில் எழுந்துவிட்டேன்.

"பத்து நிமிஷம்மா" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

உள்ளே வாஷ்பேசின் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் வெகுநேரம் ஓடியது. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நக ஓரம். நான் அடுப்பைப் பற்றவைத்துப் பால் வைத்தேன்.